நீளமான ஃப்ளை ராடு: டெல்டாக்காரர்கள் எத்தனை அடியில் வாங்கலாம்?

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ இருந்துகொண்டு, என்றைக்காவது நீலகிரிப் பக்கம் போய் ட்ரௌட் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். அதற்கான ஃப்ளை ராடு, அதாவது போலிப் பூச்சியை வீசும் தூண்டில் கழி, வாங்க உட்கார்ந்ததும் முதலில் குழப்புவது நீளம். எங்கே தேடினாலும் "9 அடி, 5-ஆம் எண்" என்றுதான் பரிந்துரை வரும். அதே பக்கத்தில் பத்தடி, பத்தரை அடி, பதினோரு அடி ராடும் விற்பனைக்கு இருக்கும். நீளம் கூடினால் தூரம் போகும் என்று நினைத்துக்கொண்டு பலர் பெரியதை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியில்லை. நீளமான ராடு வாங்குவது தூண்டில் நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிப்பதற்கு. தூர வீசுவதற்கு அல்ல. நீங்கள் நிற்கப்போகும் கரையில் எவ்வளவு தூக்க வேண்டியிருக்கும் என்று பார்த்துவிட்டால் நீளம் தானாகவே முடிவாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க வெண்ணாறு, வெட்டாறு, புதாறு என்று நம் கரைகளில் பழகிவிட்டு, எப்போதாவது மலைக்குப் போகிறவருக்கு 10 அடி நீளம், 4-ஆம் எண் ராடு போதும் (எண் என்ன என்பது கீழே வரும்). ஏன் அது, எப்போது அது பொருந்தாது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஃப்ளை மீன்பிடிப்பைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் முள்ளைக் கொண்டுபோகும். ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. அதனால் நரம்பையே தடிமனாகவும் கனமாகவும் செய்திருப்பார்கள். அதற்கு லைன் என்று பெயர். ராடு வீசுவது அந்த லைனை. பூச்சி அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் எளிதில் பிடிபடும்.

முதல் வேலை: நீங்கள் நிற்கும் கரையைப் பாருங்கள்

ட்ரௌட் நம் டெல்டாவில் கிடையாது, இருக்கவும் முடியாது. அது குளிர்ந்த, ஓட்டமுள்ள, பிராணவாயு நிறைந்த தண்ணீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். கல்லணைக்குக் கீழே பகலில் நம் ஆற்றுத் தண்ணீர் அதைவிட வெகு சூடு. நீலகிரியிலேயே அது வந்து குடியேறிய மீன்தான். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863-இல் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரின் முயற்சியில்தான் ரெயின்போ ட்ரௌட் நிலைத்தது. 1907-இல் அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது.

ஆகவே உங்கள் ராடுக்கு இரண்டு கரைகள் இருக்கின்றன. பழகப்போவது இங்கே, மீன் பிடிக்கப்போவது அங்கே. இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும்.

நம் கரை எப்படி இருக்கும்? ஆற்றிலும் பெரிய கால்வாயிலும் கரை உயரம். தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கீழே கூடக் கிடக்கும். கரையடியில் நெய்வேலிக் காட்டாமணக்கும் நாணலும் கோரையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டினால் ஆகாயத்தாமரை ஒரு பட்டையாக ஒதுங்கியிருக்கும். அதற்கு அப்புறம்தான் திறந்த தண்ணீர். பின்பக்கம் கரைமேல் பாதை: சைக்கிள், பைக், ஆடு மாடு, நடவுக்குப் போகிறவர்கள். பாதையை ஒட்டிப் புங்கமரமோ தென்னையோ, மேலே மின்கம்பியோ இருக்கும். முன்னால் எட்ட வேண்டும், பின்னால் வீச இடமில்லை. இந்த இரண்டுக்கும் நீளமான ராடு கைகொடுக்கும்.

மலை ஓடை வேறு மாதிரி. சோலைக்காட்டுக்குள் வரும் ஓடை குறுகல். இருபுறமும் புதர் கவிந்திருக்கும். அங்கே பதினோரு அடி ராடைத் தூக்கிக்கொண்டு போனால் கிளையில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலையாக இருக்கும். அவலாஞ்சி, எமரால்டு மாதிரி அணை நீர்த்தேக்கங்களின் திறந்த கரையிலோ நீளம் சௌகரியம். அதனால் மலையில் எங்கே போகப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். புதர் ஓடை மட்டும்தான் என்றால் எட்டரை அல்லது ஒன்பது அடியில் நின்றுவிடுங்கள். இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

நீளம் என்ன வேலை செய்கிறது

முதலில் எட்டுவது. ராடைச் சாய்த்து 45 டிகிரியில் பிடித்தால், ஒவ்வோர் அடி நீளமும் முன்னால் 0.7 அடி, மேலே 0.7 அடி கொடுக்கும். 9 அடி ராடின் நுனி கையிலிருந்து சுமார் ஆறே கால் அடி தள்ளி நிற்கும். 11 அடியின் நுனி ஏழே முக்கால் அடி. கையை நீட்டினால் இரண்டுக்கும் இன்னும் ஓரிரண்டு அடி சேரும். ஆக, இரண்டு அடி கூடுதல் ராடுக்கு ஒன்றரை அடிதான் எட்டம் கிடைக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஆகாயத்தாமரைப் பட்டையின் ஓரத்தில் நரம்பு சிக்குவதும் சிக்காததும் அந்த ஒன்றரை அடியில்தான் இருக்கிறது.

அடுத்தது, நீளத்தின் உண்மையான வேலை: லைனைத் தண்ணீர்மேல் படியவிடாமல் பிடிப்பது. ஆற்றில் நடுத் தண்ணீர் வேகமாக ஓடும், கரையோரம் மெதுவாகப் போகும். உங்கள் பூச்சி எதிர்க்கரை ஓரத்தில் மெதுவான தண்ணீரில் விழுகிறது என்று வையுங்கள். லைன் குறுக்கே நடு ஓட்டத்தில் கிடக்கும். ஓட்டம் லைனை வில்லாக வளைத்து இழுக்கும். லைன் பூச்சியை இழுக்கும். ஆற்றோடு மிதந்து வர வேண்டிய பூச்சி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குறுக்கே ஓடும். எந்த மீனும் அதை நம்பாது.

தக்கை போட்டு மீன் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. நரம்பு தளர்ந்து ஓட்டத்தில் விழுந்ததும், நின்றுகொண்டிருந்த தக்கை சாய்ந்து, தலையை ஆற்றுக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு நகரும். நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். தக்கைக்கும் கழி நுனிக்கும் நடுவே உள்ள நரம்பு தண்ணீரில் படவே படாது. ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து நரம்பைத் தாராளமாக விட்டால், "தம்பி, நரம்பைத் தூக்கிப் புடி, ஆறு இழுக்குது பாரு" என்று குரல் வரும். நீளமான ஃப்ளை ராடை வைத்துக்கொண்டு ட்ரௌட்காரர்கள் செய்வதும் இதுதான். நிம்ஃப் என்று சொல்லும், தண்ணீருக்கடியில் போகும் பூச்சியை ஓட்டத்தோடு விட்டு, லைன் முழுவதையும் காற்றில் தூக்கிப் பிடித்து, ராடு நுனியைப் பூச்சியோடு கூடவே நகர்த்திக்கொண்டு வருவார்கள். பத்து முதல் பதினோரு அடி ராடுகள் பெரும்பாலும் இந்த முறைக்காகச் செய்யப்படுகிறவை. கழித் தூண்டிலில் கைப்பழக்கம் உள்ள டெல்டாக்காரருக்குப் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது, ரோல் காஸ்ட். பின்னால் இடமில்லாதபோது லைனைப் பின்னுக்கு வீசாமல், தண்ணீர்மேல் கிடக்கிற லைனை மெதுவாக இழுத்து, ராடைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து, லைன் தோளுக்குப் பின்னால் வளைந்து தொங்கியதும் முன்னால் ஒரே சுண்டு. லைன் உருண்டு போய் விரியும். ராடு நீளமானால் தூக்குகிற வளைவும் பெரிதாகும். அதனால் குறைந்த பலத்தில் உருளும். மரமும் பாதையும் உள்ள நம் கரையில் நீங்கள் அதிகம் வீசப்போவது இதைத்தான்.

நான்காவது, மெல்லிய நரம்பைக் காப்பாற்றுவது. ட்ரௌட்டுக்குக் கடைசியில் கட்டுகிற நரம்பு 0.15, 0.18 மில்லிமீட்டர்தான் இருக்கும். மீன் திடீரென்று இழுக்கும்போது நீளமான மெல்லிய ராடு வளைந்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

சரி, நஷ்டம்? நுனிக் கனம். ராடு நீளமாக ஆக, நுனிப் பக்கத்து ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டில் பல மடங்காகத் தெரியும். காற்றிலும் அது கூடுதலாக மாட்டும். துல்லியமாகச் சின்ன இடத்தில் போடுவது கொஞ்சம் சிரமம். மீனைக் கைக்குக் கொண்டுவருவதும் சிரமம்; ராடு பதினோரு அடி, உங்கள் கை இரண்டரை அடி. பதினோரு அடிக்குப் போகாமல் பத்தில் நிற்கச் சொல்வது இதற்காகத்தான். புதிதாகக் கற்கிறவர் ஒரு காலை முழுக்க வீச வேண்டும். மணிக்கட்டு வலித்தால் பழக்கம் கெட்டுவிடும்.

எண்ணைப் புரிந்துகொள்வது

ராடின் பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் நீளம், லைன் எண், எத்தனை துண்டு என்று அச்சிட்டிருக்கும். சில கம்பெனிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதும்: 4100-4 என்றால் 4-ஆம் எண் லைன், 10 அடி 0 அங்குலம், நான்கு துண்டு. சில கம்பெனிகள் நீளத்தை முன்னால் போடும். குழப்பமாக இருந்தால் விற்கிறவரிடம் கேட்டுவிடுங்கள். ஊகித்து வாங்க வேண்டாம்.

லைன் எண் என்பது லைனின் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. 3-ஆம் எண் என்றால் 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். 4-ஆம் எண் 120 கிரெயின், 7.8 கிராம். 5-ஆம் எண் 140 கிரெயின், 9 கிராம். 6-ஆம் எண் 160 கிரெயின், சுமார் 10.4 கிராம். எண் கூடக் கூடக் காற்றைக் கிழிக்கும், பெரிய பூச்சியைத் தூக்கும், பெரிய மீனைத் தாங்கும், நளினம் குறையும்.

நிம்ஃபுக்கென்றே வரும் பத்தரை அடி ராடுகள் 2 அல்லது 3-ஆம் எண்ணில் இருக்கும். அவை அந்த வேலைக்கு அருமையானவை. ஆனால் சாதாரண லைனைப் போட்டு வீசினால் கொழகொழவென்று இருக்கும், நம் ஊர்க் காற்றுக்கு ஈடு கொடுக்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் 2-ஆம் எண் லைனை வைத்துக்கொண்டு என்ன பழக முடியும்? 4-ஆம் எண் நடுவில் நிற்கிறது. நிம்ஃபும் விடலாம், மிதக்கும் பூச்சியும் போடலாம். நீர்த்தேக்கத்தில் மட்டும்தான் போடப்போகிறேன் என்கிறவர் 10 அடியிலேயே 5-ஆம் எண் எடுத்துக்கொள்ளட்டும். திறந்த தண்ணீரில் மலைக்காற்று சும்மா இருக்காது.

இந்த ராடால் விரால் பிடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். விரால் கடித்ததும் புல்லுக்குள்ளும் வேருக்குள்ளும் பாயும். அதை இழுத்து நிறுத்த 7, 8-ஆம் எண் ராடும் தடித்த நரம்பும் வேண்டும். முத்துப்பேட்டை, பழையாறு பக்கத்துக் கழிமுகக் கொடுவாய்க்கு அதற்கும் மேல். அவை வேறு ராடு, வேறு கதை.

கையில் பிடித்துப் பார்ப்பது

நம் பக்கத்துக் கடைகளில் ஃப்ளை ராடு அநேகமாக இருக்காது. ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கும். திருப்பி அனுப்ப வசதி இருக்கிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் வீட்டில் இப்படிச் சோதியுங்கள்.

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பத்தடி ராடை ஹாலில் பொருத்தி நிமிர்த்தினால் நேராகச் சீலிங் ஃபேனில்தான் போய் நிற்கும். முதல் நாளே நுனி முறிவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. மொட்டைமாடியோ வாசலோ உத்தமம்.

ரீலை மாட்டி, லைனைச் சுற்றி, கொஞ்சம் லைனை நுனி வரை இழுத்துவிட்டு, ராடை ஒரு விரல்மேல் படுக்கவைத்துப் பாருங்கள். தக்கைப்பட்டைப் பிடியின் மேல் ஓரத்தை ஒட்டி அது சமநிலையில் நின்றால் நல்லது. நுனிப்பக்கம் சாய்ந்துகொண்டே போனால் இன்னும் கொஞ்சம் கனமான ரீல் தேவை. ராடு இலேசு, அதனால் ரீலும் இலேசாக வேண்டும் என்று தேடுகிறவர்கள் இங்கேதான் தவறிப்போகிறார்கள். நீளமான ராடுக்குச் சற்றுக் கனமான ரீல்தான் மணிக்கட்டைக் காப்பாற்றும்.

அடுத்து, நுனியை லேசாக ஆட்டி நிறுத்துங்கள். கை நின்றதும் நுனியும் சட்டென்று நிற்க வேண்டும். நீங்கள் நிறுத்திய பிறகும் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் லைனிலும் அந்த அலை ஓடும். மலிவான நீள ராடுகளில் இந்தக் குறை அதிகம். ஒன்பதடியில் மலிவு ராடு ஓரளவு பரவாயில்லை. பத்துக்கு மேல் போகும்போது மலிவு உடனே தெரிந்துவிடும். கையில் காசு குறைவென்றால், மட்டமான பதினோரு அடியைவிட ஒழுங்கான ஒன்பதரை அடி மேல்.

அப்புறம் துண்டுகள். நான்கு துண்டு ராடே வாங்குங்கள். பத்தடி ராடு மடக்கினால் சுமார் இரண்டரை அடிக்கு வந்துவிடும். குழாயில் போட்டு பஸ்ஸில் மடியோடு வைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டு ராடை கும்பகோணத்திலிருந்து மேட்டுப்பாளையம் வரை கூட்டத்தில் கொண்டுபோவது தண்டனை.

லைன், ரீல், மற்றவை

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ராடில் எழுதியிருக்கிற எண்ணிலேயே மிதக்கும் லைன். முன்பக்கம் கனம் கூடிய வகை. லைனுக்கும் பூச்சிக்கும் நடுவே கட்டும், லீடர் எனப்படும் கூம்பு நரம்பு ஒன்பதடி. ரீல் மலிவாக இருந்தாலும் சரி, எடை மேலே சொன்னபடி இருந்தால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ட்ரௌட்டுக்கு விற்கும் லைன்களின் மேல்பூச்சு குளிர்ந்த தண்ணீருக்கென்று செய்தது. நம் ஊர் வெயிலில் அது இளகிப் பிசுபிசுத்துப்போகும். வளையங்களில் ஒட்டிக்கொண்டு ஓடாது. அதற்காகக் கடல் மீனுக்கான வெப்பநாட்டு லைன் வாங்கினால், மலையில் குளிரில் அது கம்பிச்சுருள் மாதிரி சுருண்டு நிற்கும். குளிர் லைனையே வாங்கி, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் பழகுங்கள். பைக்குள்ளோ காருக்குள்ளோ வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

ரீலே வேண்டாம் என்கிறவர்களுக்கு

ஜப்பானிய மலை ஓடைகளில் டென்காரா என்றொரு முறை உண்டு. ரீல் கிடையாது. உள்ளுக்குள் உள்ளாகச் செருகி மடங்கும் 3.3 முதல் 4.5 மீட்டர் நீள ராடு. நுனியில் நேரே கட்டிய ஏறக்குறைய அதே நீள லைன். அதன் கடைசியில் பூச்சி. கிட்டத்தட்ட நம் மூங்கில் தூண்டிலின் மலைநாட்டு உறவுக்காரர். மடக்கினால் இரண்டடிக்குள் வந்துவிடும், விலையும் குறைவு. சின்ன ஓடையில் சின்ன மீன் பிடிக்கத்தான் ஆசை, லைன் வீசும் வித்தையெல்லாம் மெதுவாகக் கற்கலாம் என்றால் இதில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். வாய்க்கால் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் இது அபாரமாக வேலை செய்யும். பெரிய மீன் மாட்டினால் மட்டும் விடுவதற்கு நரம்பு இல்லை. ஒன்று நரம்பு போகும் அல்லது நுனி போகும்.

கரையில் பழகுவது

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம்; தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். ஜனவரிக் கடைசியில் மூடுவார்கள். இடையில்தான் ஆற்றிலும் கால்வாயிலும் ஓட்டம் இருக்கும். திறந்த புதிதில் தண்ணீர் கலங்கலாக, குப்பை செத்தையோடு வரும். சில நாள் பொறுத்துத் தெளியவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆறு கரை தொட்டு ஓடும்போது கிட்டே போகவே வேண்டாம். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது குளம் குட்டைதான். ஊர்க் குளங்களில் மீன்பாசி ஏலம் போயிருக்கும். எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். "முள்ளு இல்லாம நூலு மட்டும் வீசிப் பழகிக்கிறேண்ணே" என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். கோயில் குளத்தில் கூடாது.

முதல் சில நாள் முள்ளே வேண்டாம். லீடரின் நுனியில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு ரோல் காஸ்ட் மட்டும் பழகுங்கள். தண்ணீரில்தான் பழக வேண்டும்; தரையில் லைன் பிடிப்பில்லாமல் வழுக்கும், உருளாது. ராடை அவசரமாகத் தூக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மெதுவாக இழுங்கள், தோளருகே ஒரு கணம் நிறுத்துங்கள், பிறகு சுண்டுங்கள்.

கை வந்த பிறகு 12, 14 அளவு முள்ளில் சின்ன நிம்ஃப் கட்டி, வாய்க்கால் மதகுக்கு அருகே மெதுவான ஓட்டத்தில் விட்டுப் பாருங்கள். ஜிலேபி வாங்கும். அந்தி நேரத்தில் ஈசலும் கொசுவும் தண்ணீர்மேல் படியும்போது சின்னக் கெண்டைகள் மேலே வந்து குமிழிடும். அப்போது மிதக்கும் பூச்சி. முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். கரையில் குளிக்கிறவர்களும் குழந்தைகளும் இருக்கிற இடம் இது. முள் யார் மேலாவது பட்டாலும் சுலபமாக வெளியே வரும்.

மீன் மாட்டியதும் பழைய பழக்கம் தலைதூக்கும். கழித் தூண்டிலில் கெண்டை கடித்தால் ஒரே தூக்காகத் தூக்கிக் கரையில் போடுவோம். ஃப்ளை ராடில் அதைச் செய்தால் நுனி ஒடியும். ராடு வளைந்து நிற்கட்டும், மீன் களைக்கட்டும். கிட்டே வரும்போது ராடைக் காதுக்குப் பின்னால் சாய்க்காதீர்கள். நுனி மட்டும் கொக்கியாக மடங்கி முறிவது அந்தக் கோணத்தில்தான். உயரக் கரையில் நின்று பிடிப்பதால் நீளக் காம்பு போட்ட கைவலை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நம் கரைகளில் பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தாழத் தொங்குகின்றன. பத்தடி ராடு, உங்கள் கை உயரம், அதற்கு மேல் காற்றில் பறக்கும் ஈர லைன். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை; உயர் அழுத்தக் கம்பி அருகே போனாலே மின்சாரம் தாவிவிடும். நிற்பதற்கு முன் மேலே பாருங்கள். கம்பி தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நடந்துவிடுங்கள். பொருத்திய ராடைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு கம்பிக்கடியில் நடக்காதீர்கள், பிரித்துவிட்டு நடங்கள். இடி இடித்தால் ராடைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்குங்கள், மரத்தடிக்குப் போகாமல். ஷட்டர் இருக்கும் தலைப்புகளுக்கு அடியில் தண்ணீரில் இறங்கி நிற்பதும் கூடாது. எப்போது திறப்பார்கள் என்று கரையில் இருப்பவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும்

நம் ஆற்றுத் தண்ணீரில் வண்டல் உண்டு. ராடின் இணைப்புகளுக்குள் அந்த மாவுமண் போனால் உரசி உரசித் தேய்த்துவிடும். பிரித்ததும் ஈரத்துணியால் ஆண் முனையைத் துடையுங்கள், பெண் முனையை ஊதிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு குழாயில் அடைத்தால் தக்கைப் பிடியில் பூசணம் பூத்துவிடும். அதிராம்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் போட்டிருந்தால் ரீலையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் விடாதீர்கள். இணைப்பு அடிக்கடி கழன்றால் ஆண் முனையில் மெழுகுவத்தியை லேசாகத் தேயுங்கள். இறுகிப்போய்க் கழலவில்லை என்றால் முறுக்காதீர்கள். இருவர் சேர்ந்து, ஆளுக்கு இரு பக்கமும் ஒரு கை வைத்து, நேராக இழுக்க வேண்டும்.

மலைக்குப் போகும்போது

நீலகிரியில் ட்ரௌட் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள்ளோ முக்கூர்த்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தோ இருக்கிறது. அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. மீன்பிடிக்க மீன்வளத்துறை, காட்டுக்குள் போக வனத்துறை என்று இரண்டு அனுமதிகளும் இப்போது கிடைக்குமா என்று ஊட்டியில் விசாரித்து, வாங்கிய பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள். எந்தத் தண்ணீர், எந்த மாதம், எத்தனை மீன் எடுக்கலாம் என்பதெல்லாம் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

அங்கே போய் ராடைப் பொருத்தியதும் இங்கே பழகிய வீச்சை அப்படியே போடாதீர்கள். நம் கலங்கல் தண்ணீரில் மீனுக்கு நாம் தெரிய மாட்டோம். மலைத் தண்ணீர் கண்ணாடித் தெளிவு. ட்ரௌட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். கீழ்ப்பக்கமிருந்து குனிந்து வந்து, பத்தடி ராடின் நீளத்தைப் பயன்படுத்திக் கரையிலிருந்து தள்ளி நின்றே பூச்சியை விடுங்கள். அதற்கு லைனில் பாதி கூட வெளியே வரத் தேவையில்லை. ராடு நிழல் தண்ணீரில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் சூரியனுக்கு எதிர்ப்பக்கக் கரைக்கு மாறிவிடுங்கள்.